முகத்துக்கு எண்ணெய்: அந்த 4 எங்கிருந்து வந்தது?

ஆதிரை:
நிலவன் வேறொரு இழையில் எழுதியதைப் படித்ததில் இருந்து எரிச்சல் அடங்கவில்லை. "பரு வருகிற முகத்துக்குத் தாவர எண்ணெய் எதுவுமே ஆகாது. எந்தப் பொருள் தோல் துளையை எவ்வளவு அடைக்கும் என்று எண் போட்ட துளையடைப்புப் பட்டியலைப் பாருங்கள், தேங்காய் எண்ணெய்க்கு ஐந்துக்கு 4" என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போய்விட்டார். கீழே வரிசையாக நன்றி சொல்கிறார்கள். அந்த 4 எங்கே இருந்து வந்தது என்று ஒருவராவது கேட்டீர்களா? முயல் காதில் இருந்து வந்தது. காதின் உட்புறத்தில் பொருளைத் திரும்பத் திரும்பத் தடவி, மயிர்க்கால் அடைபடுகிறதா என்று பார்த்துப் போட்ட எண். ஒப்பனைப் பொருளால் வரும் பருவைப் பற்றி தோல் ஆராய்ச்சியாளர்கள் க்ளிக்மனும் மில்ஸும் 1972இல் எழுதியபோதும் சோதனை முயல் காதில்தான். 1989இல் ஃபுல்டன் வெளியிட்ட நீளமான பட்டியலும் அதே காதுதான். அதை வைத்துக்கொண்டு மனிதர் முகத்துக்குத் தடை போடுவது என்ன நியாயம்?

நிலவன்:
முயல் மேல் இவ்வளவு கோபம் வேண்டாம். அதே மில்ஸும் க்ளிக்மனும் 1982இல் மனிதர் முதுகிலும் சோதித்தார்கள். அதையும் சொல்லுங்கள். வசதியாக விட்டுவிட்டீர்கள். 4 என்றால் 4தான்.

ஆதிரை:
விடவில்லை, நீங்கள் எடுத்துக்கொண்டு வருவீர்கள் என்று காத்திருந்தேன். அந்த ஆய்வில் என்ன வந்தது? மனிதத் தோல் முயல் காது அளவுக்கு அடைபடவில்லை. முயலிடம் லேசாக அடைத்த பொருட்கள் மனிதருக்குப் பெரும்பாலும் பாதுகாப்பானவை என்று அவர்களே எழுதினார்கள். அதுவும் எப்படிச் சோதித்தார்கள்? பெரிய துளைகள் உள்ள முதுகாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, பொருளைத் தடவி, காற்றுப் புகாமல் மூடி, ஒரு மாதம் வைத்திருந்தார்கள். நீங்கள் உங்கள் முகத்தை ஒரு மாதம் மூடிக் கட்டிவைப்பீர்களா?

நிலவன்:
அதே வாக்கியத்தின் மறுபாதியையும் படியுங்கள். பரு வரும் வாகுள்ளவர்கள் விதிவிலக்காக இருக்கலாம் என்று அங்கேயே இருக்கிறது. நான் யாருக்குச் சொன்னேன்? பரு வருகிற முகத்துக்கு. போதாததற்கு நீங்கள் சொல்வது 'லேசாக' அடைத்த பொருட்களைப் பற்றி. 4 லேசா?

செம்பருத்தி:
இருவரிடமும் ஒரு கேள்வி. துளை அடைபடுவதும் பரு வருவதும் ஒன்றா? முதலில் அதைச் சொல்லிவிட்டுப் பேசினால் என்னைப் போன்றவர்களுக்குப் புரியும். நான் ஜோஜோபா என்ற செடியின் விதை எண்ணெய் போடுகிறேன். அதுவும் இந்த 4 கணக்கில் வருமா?

ஆதிரை:
நிலவன், அந்த 4ஐயே பிடித்துத் தொங்காதீர்கள். 2006இல் டிரேலோஸும் டினார்டோவும் இதே பட்டியல் விஷயத்தைத் திரும்ப ஆராய்ந்தார்கள். பட்டியலில் மோசமான எண் வாங்கிய பொருட்கள் கலந்த க்ரீம்களை மனிதர்களிடம் சோதித்தபோது அந்த க்ரீம்கள் துளையை அடைத்தே தீரும் என்று சொல்ல முடியவில்லை. முயல் காது அங்கேயும் தோற்றது.

நிலவன்:
அது க்ரீம். கொஞ்சம் எண்ணெய், மிச்சம் தண்ணீரும் மற்றதும். நீங்கள் பரிந்து பேசுவது கலப்பில்லாத எண்ணெயை அப்படியே முகத்தில் பூசுவதற்கு. ஒன்றை வைத்து இன்னொன்றை நிரூபிக்கிறீர்கள். 4.

பழையவன்:
க்ளிக்மன், க்ளிக்மன் என்று இரண்டு பேரும் சாமி மாதிரி பேசுகிறீர்களே, அவர் பிலடெல்பியாவில் ஹோம்ஸ்பர்க் சிறைக் கைதிகளின் தோலில் பல ஆண்டுகள் சோதனை நடத்தியவர், 1974 வரை. அந்த மனிதர் பெயரை எடுக்கவே எனக்குக் கூசுகிறது. அப்புறம் ஆதிரை, சன்ஸ்கிரீன் இழையில் நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. ஞாபகம் இருக்கிறதா?

ஆதிரை:
பழையவன், சிறையில் நடந்தது அநியாயம். அதில் இரண்டு கருத்தே கிடையாது. ஆனால் இங்கே பேச்சு முயல் காதைப் பற்றி. பழைய கணக்கைத் தீர்க்க இந்த இழை இல்லை.

பழையவன்:
பதில் இல்லாதபோதெல்லாம் 'இந்த இழை இல்லை' வந்துவிடும். அப்போதும் இப்படித்தான்.

நிலவன்:
பழையவன் கேட்டதில் தப்பில்லை. கேள்விக்கு மேல் கேள்வி போட்டுத் தப்பிப்பது ஆதிரையின் பழக்கம்.

ஆதிரை:
தப்பிக்கிறேனா? சரி, விவரமாகவே சொல்கிறேன். 'தாவர எண்ணெய்' என்று ஒரே மூட்டையாகக் கட்டுவதுதான் உங்கள் முதல் கோளாறு. ஒவ்வொரு எண்ணெயிலும் கொழுப்பு அமிலங்கள் வேறு வேறு. தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்ட பாதி லாரிக் அமிலம். சூரியகாந்தியில் லினோலெயிக் அமிலம் அதிகம். ஆலிவில் ஒலெயிக். பெரியவர்களின் தோலில் ஆலிவையும் சூரியகாந்தியையும் ஒப்பிட்டு 2013இல் ஓர் ஆய்வு வந்தது. ஆலிவ் எண்ணெய் மேல்தோலின் தடுப்பைக் குலைத்தது, சூரியகாந்தி அதைக் காப்பாற்றியது. பரு உள்ளவர்களின் தோல் எண்ணெயில் லினோலெயிக் குறைவாக இருப்பதையும் முன்பே பார்த்திருக்கிறார்கள். ஜோஜோபாவோ திரவ மெழுகு. நம் தோல் சுரக்கும் எண்ணெயில் ஏறக்குறைய கால் பங்கு அதே வகை மெழுகுதான். இத்தனை வேறுபாட்டையும் தேங்காய் எண்ணெய்க்கு முயல் காதில் வந்த ஒரு 4ஐ வைத்து மூடிவிட்டீர்கள். எண்ணெயைப் பழிக்கிறவர்கள் ஒன்றைச் செய்வதே இல்லை: பாட்டிலை முகர்ந்து பார்ப்பது. பழைய மெழுகுப் பென்சில் வாடை அடித்தால் எண்ணெய் கெட்டுவிட்டது. லினோலெயிக் அதிகமுள்ள எண்ணெய்கள் காற்றும் வெளிச்சமும் பட்டுச் சீக்கிரம் கெடும். கெட்ட எண்ணெயைப் பூசி முகம் சிவந்தால் பழி செடிக்கா?

செம்பருத்தி:
ஜோஜோபாவுக்குப் பதில் வந்தது, நன்றி. முகம் ஈரமாக இருக்கும்போதே இரண்டு சொட்டை உள்ளங்கையில் தேய்த்து, கன்னத்தில் ஒற்றி எடுக்கிறேன். எண்ணெயில் தண்ணீர் கிடையாது, இருக்கிற ஈரத்தை மூடிப் பிடிக்கத்தான் அது உதவும் என்பதால் மாய்ஸ்சரைசருக்கு அப்புறம்தான் போடுகிறேன். அடைப்பும் பருவும் ஒன்றா என்பதை இன்னும் யாரும் சொல்லவில்லை.

நிலவன்:
கெமிஸ்ட்ரி வகுப்புக்கு நன்றி ஆதிரை. இவ்வளவு எழுதியும் தேங்காய் எண்ணெய் துளையை அடைக்காது என்று ஒரு வரி எழுதினீர்களா? எழுத மாட்டீர்கள். ஏனென்றால் 4.

ஆதிரை:
அடைக்காது என்று நான் எங்கே சொன்னேன்? அந்த எண் முயல் காதுக்கானது என்றுதான் முதல் வரியில் இருந்து சொல்கிறேன்.

நிலவன்:
மனிதர் முதுகிலும் பார்த்தார்கள்.

ஆதிரை:
மூடிக் கட்டிய முதுகு!

வேம்பு:
நான் எலுமிச்சை எண்ணெய் நாலு சொட்டு கலந்து காலையில் பூசுகிறேன். எதுவும் ஆகவில்லை. எல்லாரும் ரொம்ப யோசிக்கிறீர்கள்.

ஆதிரை:
வேம்பு, தயவுசெய்து நிறுத்துங்கள். தோலில் இருந்து பிழிந்தெடுத்த எலுமிச்சை, பெர்கமாட் (எலுமிச்சை இனப் பழம்) வாசனை எண்ணெய்களில் வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கும் பொருட்கள் இருக்கின்றன. அதைப் பூசிக்கொண்டு வெளியே போகாதீர்கள். வாசனை எண்ணெய் வேறு, விதையில் இருந்து பிழிந்த எண்ணெய் வேறு.

வேம்பு:
உங்களிடம் அனுமதி கேட்கவில்லையே.

நிலவன்:
பார்த்தீர்களா, எண்ணெய் ஆகாது என்று நான் சொன்னால் கோபம், அவர் சொன்னால் அறிவுரை.

பழையவன்:
வெயில் பேச்சு வந்தாயிற்று. இப்போதாவது அந்த சன்ஸ்கிரீன் கேள்விக்கு வருவோமா? விதை எண்ணெயே வெயிலைத் தடுக்கும் என்று அங்கே ஒருவர் எழுதியபோது நீங்கள் வாயே திறக்கவில்லை.

ஆதிரை:
எந்த விதை எண்ணெயும் சன்ஸ்கிரீனுக்கு ஈடாகாது. அங்கேயும் இதையேதான் எழுதினேன், இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது, போய்ப் படியுங்கள். நிலவன், நீங்கள் ஜோஜோபாவுக்கும் சூரியகாந்திக்கும் என்ன சொல்கிறீர்கள்? அதற்கு மட்டும் பதில் வேண்டும்.

நிலவன்:
தேங்காய் எண்ணெய் முடியட்டும், அப்புறம் ஜோஜோபாவுக்கு வருகிறேன்.

பழையவன்:
இரண்டாம் பக்கம் பார்த்துவிட்டேன். அங்கே நீங்கள் எழுதியது வேறு.