ஸ்பெயினில் விமானி பயிற்சி: எந்த ஊர் என்று கேட்ட தம்பிக்கு

வலென்சியாவுக்கு வந்து இரண்டு மாதமே ஆன ஒரு தம்பி கேட்டிருந்தார்: மனைவியின் வேலை அனுமதியில் வந்திருக்கிறேன், விமானி ஆக ஆசை, தெற்கே இருக்கும் ஹெரெஸ், பார்சிலோனா பக்கத்துச் சபாடெல், மட்ரிட் மூன்றில் வெயில் எங்கே அதிகம்?

தம்பி, வெயில் மூன்று ஊரிலும் வேண்டிய அளவு காய்கிறது. நானும் வந்த புதிதில் இதையேதான் கேட்டேன். பள்ளி விளம்பரத்தில் ஆண்டுக்கு முந்நூறு நாள் நீல வானம் என்று போட்டிருந்தார்கள், அது பொய்யில்லை. நான் சேர்ந்த பள்ளியின் பெயரும் ஊரும் வேண்டாம். அங்கே ஏழு வாரத்தில் நான் பறந்தது ஆறு மணி நேரம். வானம் நீலமாகவே இருந்தது. விமானங்களில் ஒன்று எஞ்சின் மாற்றத்துக்காக நின்றது, இன்னொன்று உதிரிப் பாகத்துக்காகக் காத்திருந்தது, என் பயிற்றுநர் விமான நிறுவனத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டார். நானே இப்போது பயிற்றுநர். எனக்கும் அப்படி ஒரு கடிதம் வந்தால் போய்விடுவேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆகவே, ஊரைப் பார்க்கும் முன் உடம்பைப் பாருங்கள். வணிக விமானிக்கு வேண்டிய முதல் வகுப்பு மருத்துவச் சான்றை முதன்முறை பெறும்போது விமான மருத்துவ மையத்தில்தான் சோதிப்பார்கள். மட்ரிட்டிலும் பார்சிலோனாவிலும் அப்படிப்பட்ட மையங்கள் உண்டு. நிறக்குருடு இருப்பது அங்கே போய்த்தான் பலருக்குத் தெரியவருகிறது. அந்தத் தாள் கைக்கு வரும்வரை எந்தப் பள்ளிக்கும் ஒரு யூரோ முன்பணம்கூடக் கட்டாதீர்கள்.

இனி ஊர்கள். ஹெரெஸ் விமான நிலையத்தில் ஐஎல்எஸ், அதாவது வானொலி அலையால் விமானத்தை ஓடுபாதைக்கு வழிநடத்தும் கருவி, இருக்கிறது, பயணிகள் விமானங்களும் வந்து போகின்றன, ஆனால் நெரிசல் கிடையாது. வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கக் கற்பவருக்கு இதைவிட வசதி கிடைப்பது அரிது. குறை என்றால் லெவாந்தே என்னும் கிழக்குக் காற்று. ஓடுபாதை ஏறக்குறைய வடக்கு தெற்காகக் கிடக்க, அந்தக் காற்று குறுக்கே வந்து அறையும். செஸ்னா 172 என்ற சிறிய பயிற்சி விமானத்தின் கையேட்டில், சோதனையில் தரையிறக்கிக் காட்டிய குறுக்குக் காற்றின் வேகம் 15 நாட், மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர். பல பள்ளிகள் மாணவர்களை அதற்கு வெகு முன்னதாகவே நிறுத்திவிடும். லெவாந்தே பிடித்தால் சில நாள் தொடர்ந்து வீசும். அப்போது வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருக்கும், நீங்கள் காபி குடித்துக்கொண்டிருப்பீர்கள்.

மட்ரிட்டின் குவாத்ரோ பியேந்தோஸ் 1911இல் தொடங்கிய, நாட்டின் மிகப் பழைய விமானத் தளம். பெயருக்கே ‘நான்கு காற்றுகள்’ என்றுதான் பொருள், பிறகு காற்றைப் பற்றிப் புகார் சொல்லக்கூடாது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 690 மீட்டர் உயரம். ஜூலை மதியம் 38 பாகை வெயிலில் காற்று மெலிந்து, சிறிய விமானம் ஓடுபாதையை விட்டு எழவே மனமில்லாததுபோல் ஓடும். கோடையில் பயிற்சி விடியற்காலையில்தான். அங்கும் சபாடெல்லிலும் கண்ணால் பார்த்துப் பறக்கும் விதிப்படி மட்டுமே இயக்கம். கருவிப் பயிற்சிக்கு வேறு நிலையத்துக்குப் பறந்து போய்த் திரும்ப வேண்டும், அந்த வழிநேரமும் உங்கள் பணம். நீங்கள் இருக்கும் வலென்சியாவையும் கணக்கில் சேர்க்கலாம். வீட்டு வாடகை மிச்சம். ஆனால் பெரிய நிலையத்தில் பயணிகள் ஜெட்டுக்குப் பின்னால் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருக்கும் நிமிடங்களும் பில்லில் ஏறுமா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

பணத்தைப் பற்றி. ஒருங்கிணைந்த பயிற்சி ஒரே பள்ளியில் தொடக்கம் முதல் முடிவு வரை. பெரிய பள்ளிகளில் ஒரு லட்சம் யூரோவைத் தாண்டும். படிப்படியாகச் செல்லும் முறையில் முதலில் 45 மணி நேரத்தில் தனியார் விமானி உரிமம், பிறகு பறந்து நேரம் சேர்த்தல், கோட்பாட்டுத் தேர்வுகள், 200 மணி நேரம் நிறைந்ததும் வணிக உரிமம். நான் இரண்டாவது வழியில் வந்தவன், அதனால் என் சாய்வும் அந்தப் பக்கம்தான். பள்ளி சரியில்லை என்றால் அடுத்த கட்டத்துக்கு வேறிடம் போகலாம். எந்த வழியானாலும் கட்டம் முடிய முடியப் பணம் கட்டும் ஒப்பந்தம் கேளுங்கள். முழுத்தொகை முன்பணத்துக்குத் தள்ளுபடி தருகிறோம் என்றால், அந்தத் தள்ளுபடி எனக்கு வேண்டாம் என்று எழுந்துவிடுங்கள். பள்ளி மூடிப்போனால் பணம் திரும்ப வரவேண்டியவர்களின் வரிசையில் மாணவன் கடைசியில்தான் நிற்பான்.

கோட்பாட்டில் 13 பாடங்கள், ஒவ்வொன்றிலும் 75 விழுக்காடு வேண்டும், முதல் தேர்வு எழுதிய மாதக் கடைசியிலிருந்து 18 மாதத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். அத்தனைத் தேர்வையும் ஒரே நாட்டின் விமானப் போக்குவரத்து முகமையிடம்தான் எழுத முடியும். ஸ்பெயினில் இருக்கும் பள்ளி ஆஸ்திரிய முகமையின் தேர்வுக்கு அனுப்புவது சாதாரணம். அது தவறில்லை, ஆனால் உங்கள் உரிமமும் மருத்துவக் கோப்பும் எந்த நாட்டில் இருக்கும் என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

இதைவிடப் பெரிய சிக்கல் குடியுரிமை. விமான நிறுவனங்களின் வேலை அறிவிப்பில் ‘ஐரோப்பிய ஒன்றியத்தில் எங்கும் தடையின்றி வாழ்ந்து வேலை செய்யும் உரிமை’ என்ற வரி அடிக்கடி வரும். மனைவியின் அனுமதியில் உங்களுக்குக் கிடைக்கும் வேலை உரிமை ஸ்பெயினுக்குள் மட்டுமே. இந்தியர்களுக்கு இங்கே குடியுரிமை கேட்கப் பொதுவாகப் பத்தாண்டு வசிப்பு வேண்டும். உரிமம் இரண்டு ஆண்டில் கிடைத்துவிடும். மீதி எட்டு ஆண்டை என்ன செய்வது என்று மனைவியோடு உட்கார்ந்து பேசுங்கள். பள்ளி விற்பனையாளர் இதைப் பற்றி வாயே திறக்க மாட்டார்.

பாரிஸிலிருந்து ஒரு அக்கா, மகனுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை இருக்கிறது, இதெல்லாம் பொருந்துமா என்று கேட்டிருக்கிறார். குடியுரிமைச் சிக்கல் பொருந்தாது அக்கா. உங்கள் மகன் பள்ளியின் தரத்தை மட்டும் பார்த்தால் போதும். லண்டனில் இருப்பவர்கள் கவனியுங்கள்: 2021 முதல் பிரிட்டன் உரிமம் தனி, ஐரோப்பிய உரிமம் தனி.

ஊர் திரும்பி இந்தியாவில் பறப்பேன் என்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஐரோப்பிய ஒருங்கிணைந்த பயிற்சியின் குறைந்தபட்சம் 195 மணி நேரம். அதில் 55 மணி வரை சிமுலேட்டரில் இருக்கலாம். இந்திய விமானப் போக்குவரத்துத் துறையான டிஜிசிஏ வணிக உரிமத்துக்குக் கேட்பது 200 மணி நேரப் பறப்பு, அதில் 100 மணி நீங்களே பொறுப்பு விமானியாக. குறையும் நேரத்தைப் பிறகு கைக்காசில் பறந்து நிரப்ப வேண்டும். இந்திய மருத்துவச் சோதனையும் அங்குள்ள தேர்வுகளும் தனி.

பள்ளியைப் பார்க்கப் போனால் பார்வையாளர்களை அழைத்துக் காட்டும் திறந்தநாள் விழாவுக்குப் போகாதீர்கள். சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் போய், ஹாங்கரில் எத்தனை விமானம் நிற்கிறது, வானில் எத்தனை என்று எண்ணுங்கள். காத்திருப்பு அறையில் இருக்கும் மாணவரிடம் கடந்த மாதம் எத்தனை மணி பறந்தீர்கள் என்று கேளுங்கள். கையில் பறப்புக் குறிப்பேடு இருந்தால் மறைக்காமல் காட்டுவார்.

ஸ்பானிய மொழி வேண்டுமா? தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், கட்டுப்பாட்டுக் கோபுரமும் உங்களிடம் ஆங்கிலம் பேசும். ஆனால் பக்கத்தில் பறப்பவர் ஸ்பானியத்தில் பேசுவார், அவர் எங்கே இருக்கிறார் என்பது உங்களுக்குப் புரியாது. பியேந்தோ என் கோலா, பாசே, ஃபினால்: தரையிறங்கும் முன் ஓடுபாதையைச் சுற்றும் வழியின் மூன்று பகுதிகளுக்கான இந்தப் பெயர்களையாவது முதல் பறப்புக்கு முன்பே காதுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்.