பழைய பிக்கப்பில் டயர் காற்றழுத்த சென்சார் பழுது: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். பட்டர்வொர்த்தில் நான் ஓட்டும் பழைய பிக்கப்பின் எஞ்சினை முடுக்கியதும், டயர் காற்றழுத்த எச்சரிக்கை விளக்கு ஒரு நிமிடம் விட்டுவிட்டு எரிந்து, பிறகு அணையாமல் நிற்கிறது. காற்று குறைந்தால் விளக்கு அப்படி விட்டுவிட்டு எரியாது என்பதாலும், அளந்து பார்த்தபோது நான்கு டயர்களிலும் காற்று சரியாக இருந்ததாலும், சக்கரங்களுக்குள் காற்றழுத்தத்தை அளக்கும் சென்சார்களில் ஒன்றின் பேட்டரி தீர்ந்திருக்கும் என்று கருதுகிறேன்; 5 முதல் 10 ஆண்டுகள் உழைக்கும் அந்தப் பேட்டரியை மட்டும் தனியாக மாற்ற இயலாது. விளக்கின் இணைப்பையே துண்டித்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். பினாங்குப் பாலத்தில் சரக்கோடு செல்லும் வண்டிக்கு அது ஆபத்து என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

எந்தச் சக்கரத்தின் சென்சார் செயலிழந்தது என்பதை டயரைக் கழற்றாமலே கருவியால் கண்டறிந்து, பழையதன் அலைவரிசைக்கே (315 அல்லது 433 மெகாஹெர்ட்ஸ்) பொருந்தும் புதியதைப் பூட்டி, அதன் அடையாள எண்ணை வண்டியில் பதிவுசெய்து தரும் டயர் கடை பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கம் உண்டா? நான்கையும் சேர்த்து மாற்றுவதுதான் நல்லதா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.