மழைக்காலத்துல பூனை கம்பளத்துல போகுது: தட்டை மாத்தணுமா, கம்பளத்தைத் தூக்கணுமா?

மார்த்தாண்டம்_மேற்கு:
இடவப்பாதி மழை (ஜூன்ல வர்ற தென்மேற்குப் பருவமழை) தொடங்கினதுல இருந்து பூனை ஹால் கம்பளத்துல மூத்திரம் போகுது. கடுவன், ரெண்டு வயசு, கருத்தடை பண்ணலை. வெயில் காலத்துல தோட்டத்து மண்ணுலதான் போகும். வீட்டுக்குள்ள அது மூத்திரம், மலம் போறதுக்கு ஒரே ஒரு தட்டு, மூடி போட்டது, குளியலறையில வாஷிங் மெஷினுக்குப் பக்கத்துல. பினாயில் விட்டுத் துடைச்சாலும் அதே மூலைக்கேதான் போகுது. என்ன செய்யலாம்?

ரப்பர்க்காடு:
கம்பளத்தைத் தூக்குங்க, வேற வைத்தியம் வேண்டாம். நம்ம பக்கம் இடவப்பாதி ஒரு மழை, துலாவர்ஷம், அதான் ஐப்பசியில வர்ற வடகிழக்குப் பருவமழை, இன்னொரு மழை. ஜூன்ல நனைஞ்ச கம்பளம் எப்போ காயும்? மேல நூல் காஞ்ச மாதிரி இருக்கும். அடியில உள்ள சணல், ரப்பர் பூச்சு, அதுக்கும் கீழ ஃபோம் இருந்தா அதுவும் ஈரத்தைப் பிடிச்சு வச்சிருக்கும். மூத்திரத்துல உள்ள யூரிக் அமிலம் படிகமாட்டு நூலுல ஒட்டிக்கிடும், வெறும் தண்ணியில லேசுல கரையாது. காத்துல ஈரம் ஏறினா மணம் திரும்ப எழும்பும், மணம் வந்தா பூனையும் வரும். டைல்ஸ்னா ரெண்டு துடைப்புல தீர்ந்துதுல்லா? சுருட்டி மச்சுல போட்டுட்டு அந்த மூலையில நாலு அந்துருண்டையும் கொஞ்சம் பினாயிலும் போடுங்க.

குழித்துறை_ஆத்தோரம்:
அண்ணே, மணத்தைப் பத்திச் சொன்னது அத்தனையும் சரி. ஆனா நீங்க சொல்லுத மருந்துல பூனையே போயிரும். கறுப்பு பினாயில், டெட்டால் மாதிரி பீனால் வகைச் சாமானைக் கழிச்சு வெளியேத்துற சக்தி பூனையோட ஈரலுக்கு ரொம்பக் குறைவு. தரையில நடந்து பாதத்தை நக்கினாலே உள்ள போயிரும். பாரசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொல்றதும் இதே காரணத்தாலதான். அந்துருண்டையில இருக்கற நாப்தலினும் விஷம், கற்பூரமும் ஆகாது.

ரப்பர்க்காடு:
வெள்ளை பினாயில்ல பீனால் கிடையாது, பைன் எண்ணெய்தான். இது தெரியாம பயமுறுத்தாதீங்க.

குழித்துறை_ஆத்தோரம்:
பைன் எண்ணெயும் பூனைக்கு ஆகாது அண்ணே. யூகலிப்டஸ் தைலமும் அப்படித்தான். பிளீச்சிங் பவுடர் போடலாம்னு யாராவது சொல்ல வருவாங்க, அதையும் சொல்லிடுறேன்: பழைய மூத்திரத்துல அமோனியா இருக்கும். குளோரின் அதோட சேர்ந்தா எழும்புற ஆவி மனுஷன் நெஞ்சையே எரிக்கும். அடைச்ச ஹால்ல அதைச் செய்யவே கூடாது.

பாறசாலை_ஜங்ஷன்:
ரெண்டு பேரும் முதல் கேள்வியையே கேக்கலை. பூனை எப்படிப் போகுது? வாலைத் தூக்கி, நுனியை நடுக்கி, நின்னுட்டே சுவர்லயோ சோபா காலுலயோ கொஞ்சமா பீச்சினா அது எல்லை போடுறது. அதுக்குக் கருத்தடைதான் முதல் மருந்து. பத்துல ஒன்பது கடுவன் அதுல அடங்கிடும், மூத்திரத்தோட அந்தக் காட்டமான நாத்தமும் குறையும். உட்கார்ந்து தரையில நிறையப் போனா அது தட்டு பிரச்சினை, இல்லைன்னா நோய்.

இன்னொண்ணு. அடிக்கடி உட்காருது, முக்குது, கத்துது, சொட்டு சொட்டா வருது, இல்லை வரவே இல்லைன்னா, இந்தப் பேச்சை எல்லாம் விட்டுட்டு அன்னைக்கே மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க. கடுவனுக்கு மூத்திரக் குழாய் ஒடுக்கம். அடைச்சா ரெண்டு மூணு நாள்ல உயிர் போயிடும். அங்கே கதீட்டர் (மூத்திரக் குழாய்க்குள்ள விடுற மெல்லிய குழல்) போட வசதி இல்லைன்னா தாமதிக்காம திருநெல்வேலி கால்நடைக் கல்லூரிக்குப் போகலாம். கேரளப் பக்கம்னா திருச்சூர் மண்ணுத்தியில கல்லூரி இருக்கு, ஆனா இங்கிருந்து அது தூரம்.

மார்த்தாண்டம்_மேற்கு:
உட்கார்ந்துதான் போகுது, ஒரே தடவையில நிறைய. கத்தலோ முக்கலோ இல்லை. சாப்பாடும் வழக்கம் போலத்தான்.

குழித்துறை_ஆத்தோரம்:
அப்போ தட்டுதான். மழையில மண்ணு சேறாகிப் போச்சு, நனைய அதுக்கு இஷ்டமில்லை, உள்ள இருக்கிற தட்டும் பிடிக்கலை. மூடி இருந்தா நாத்தம் உள்ளேயே தங்கும். மெஷின் சுத்தும்போது ஒரு தடவை பயந்தா மறுபடி அந்தப் பக்கமே எட்டிப் பாக்காது. கம்பளம் மெத்துன்னு இருக்கு, ஈரத்தை உறிஞ்சுது, அமைதியான மூலை. பூனை கணக்குல அது நல்ல கழிப்பறை.

மூடியைக் கழட்டுங்க. ஒரு பூனைக்கு ரெண்டு தட்டு. நீளம் மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்குற இடம் வரைக்கும் அளந்து அதுல ஒன்றரை மடங்கு, பெரும்பாலும் 70 செ.மீ. வரும். கடையில பூனைத் தட்டுன்னு விக்கிறது முக்காவாசி இதுக்குச் சின்னது. கொத்தனார் சாந்து கலக்குற பிளாஸ்டிக் தொட்டி, இல்லைன்னா துணி வைக்கிற பெரிய பிளாஸ்டிக் பெட்டியில ஒரு பக்கத்தை 12 செ.மீ. உயரத்துக்கு வெட்டி எடுத்தது போதும். வெட்டின விளிம்பைத் தேய்ச்சு விடணும். வாசனை சேர்க்காத கட்டியாகுற களிமண் மணல், 5 செ.மீ. ஆழம். காலை, சாயங்காலம் அள்ளணும். வாரம் ஒரு தடவை சோப்புத் தண்ணி மட்டும் விட்டுக் கழுவணும்.

ஒண்ணை அந்தக் கம்பள மூலையிலேயே வைங்க. பூனை போக ஆரம்பிச்சப்புறம் தினம் ஒரு சாண் நகர்த்தி வேணுங்கிற இடத்துக்குக் கொண்டு போகலாம். மணலைத் தொடவே மாட்டேங்குதுன்னா பழைய கம்பளத்துண்டைத் தட்டுல விரிச்சு, மேல நாளுக்குக் கொஞ்சமா மணல் தூவிட்டு வாங்க.

ரப்பர்க்காடு:
மாசாமாசம் மணலுக்குக் காசு எங்கேயிருந்து வரும் மக்கா? அறுப்பு மில்லுல ரப்பர் மரத்தூள் மூட்டை மூட்டையா கிடைக்குது. நல்லா உறிஞ்சும், கொட்டினா வாழைக்கு உரம். இதுக்குப் போய் களிமண்ணா?

பாறசாலை_ஜங்ஷன்:
மரத்தூள் ஓகேதான், ஆனா எந்தத் தூள்னு பாக்கணும். பச்சைத் தடியை அறுக்கும்போது விழுற தூள் சுத்தம். அறுத்த பலகைக்குப் பூச்சி அரிக்காம இருக்க போராக்ஸ், போரிக் அமிலம் ஏத்துவாங்க. அதுக்கப்புறம் இழைச்ச சீவலும், பிளைவுட் தூளும் வேண்டாம், பூனை பாதத்தை நக்குற ஜாதி. பச்சைத் தூளையும் வெயில்ல காயப்போட்டு, சல்லடையில சலிச்சு நுண்பொடியைக் கழிச்சுத்தான் போடணும். ஈரத்தூள் மழைக்காலத்துல மூட்டையிலேயே பூஞ்சை பிடிக்கும். கட்டியாகாததால ஈரமான இடத்தை மட்டும் அள்ள முடியாது, ரெண்டு நாளைக்கு ஒரு தடவை மொத்தமா மாத்தணும். தென்னை நார்த்தூளுக்கும் இதேதான், கூடுதலா ஈரக்கால்ல ஒட்டி வீடு பூரா வரும். மாத்துற வேலைக்குத் தயார்னா மரத்தூள் தாராளமா போடலாம்.

ரப்பர்க்காடு:
சரி, தட்டு வச்சாச்சு. கம்பளத்துல ஊறினது? அதுக்கு வினிகர் போதுமே.

குழித்துறை_ஆத்தோரம்:
போதாது. வினிகர் அமோனியா நாத்தத்தை அடக்கும், அவ்வளவுதான். யூரிக் அமிலம் புளிப்புல இன்னும் கரையாது. அதைச் சிதைக்க என்சைம் கரைசல்தான் வேணும், வளர்ப்புப் பிராணி சாமான் விக்கிற கடையில கிடைக்கும். இவர் ஏற்கெனவே பினாயில் விட்டிருக்கார். முதல்ல வெறும் பச்சைத் தண்ணி ஊத்தி, பழைய வேட்டியை நாலா மடிச்சு வச்சுக் குதிகாலால அழுத்தி ஒத்தி எடுக்கணும், ரெண்டு மூணு தடவை. பினாயில் மிச்சம் இருந்தா என்சைம் வேலை செய்யாது. தேய்க்காதீங்க, தேய்ச்சா பரவும். இருட்டுல அல்ட்ராவயலட் டார்ச் அடிச்சா கறை தெரியும். மேல உள்ளங்கை அளவுக் கறை அடியில அதைவிட அகலமா பரவியிருக்கும், அதனால கறைக்கு வெளியே ஒரு சாண் சேர்த்து, அடித்துணி நனையுற வரைக்கும் ஊத்தணும். பாலிதீன் போட்டு ராத்திரி முழுக்க மூடி வைங்க. ஈரம் இருக்கிற வரைக்கும்தான் அது வேலை செய்யும். மேலாப்பல தெளிச்சுட்டு 'பலிக்கலை'ன்னு சொல்றவங்கதான் அதிகம். அப்புறம் பெஞ்சு மேல தொங்கவிட்டு ரெண்டு பக்கமும் ஃபேன். அடியில உள்ள தரைக்கும் இதே வைத்தியம், டைல்ஸ் இடுக்கு சிமெண்ட் உறிஞ்சி வச்சிருக்கும்.

பாறசாலை_ஜங்ஷன்:
என்சைம் கிடைக்கலைன்னா மெடிக்கல்ல 6% ஹைட்ரஜன் பெராக்சைடு வாங்கி சம அளவு தண்ணி சேர்த்தா 3% ஆகும். அதுல 250 மி.லி.க்கு ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா, ரெண்டு சொட்டு பாத்திரம் கழுவுற திரவம். திறந்த பாத்திரத்துல கலக்கி உடனே ஊத்தணும். புட்டியில அடைச்சு வச்சா வாயு சேர்ந்து வெடிக்கும். சாயம் போகும், அதனால ஓரத்துல சோதிங்க. கம்பளி, பட்டுன்னா வேண்டாம். வினிகரோடயோ என்சைமோடயோ சேர்த்துப் போடாதீங்க. நீராவி, இஸ்திரிச் சூடு ரெண்டும் கறையைப் பிடிக்க வைக்கும்.

மார்த்தாண்டம்_மேற்கு:
ரெண்டாவது தட்டை சிட்டவுட்ல (வீட்டு முன் திண்ணையில) வைக்கலாமா? அங்கே சாரல் அடிக்காது.

குழித்துறை_ஆத்தோரம்:
ஊர்க் கடுவன் எதாவது வந்து போகுதுன்னா வேண்டாம். கருத்தடை பண்ணாத உங்க பூனை அந்த மணத்துக்குப் போட்டியா சுவர்ல பீச்ச ஆரம்பிக்கும். மாடிப்படிக்கு அடியில வைங்க. கருத்தடையும் தள்ளிப்போட வேண்டாம்.

ரப்பர்க்காடு:
இவ்வளவும் செஞ்சு முடிக்கிற வரைக்கும் கம்பளம் மச்சுலயே இருக்கட்டும்ங்கேன். அதுலயாவது ஒத்துக்கிடுங்க.

குழித்துறை_ஆத்தோரம்:
தட்டுல பழகுற வரைக்கும் சரி. துலாவர்ஷம் முடியட்டும்னு இழுத்தா ஒத்துக்கிட மாட்டேன். அதுக்குள்ள சோபா மெத்தையைக் கண்டுபிடிச்சிரும்.

ரப்பர்க்காடு:
சோபாவுக்கு ரெக்ஸின் போடுங்க.