கம்பெனி வக்கீல் உங்களைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறாரா?

கொள்முதல் பிரிவில் இருந்தபோது நடந்தது. ஒரே பில்லுக்கு இரண்டு தடவை பணம் போயிருந்தது. உள்விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். எதிரே கம்பெனி வக்கீல், பக்கத்தில் குறிப்பெடுக்க ஒருவர். தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்திவிட்டு, "நான் கம்பெனியோட வக்கீல், உங்க வக்கீல் இல்லை. இங்க பேசுறது ரகசியம்தான், ஆனா அந்த ரகசியம் கம்பெனிக்குச் சொந்தம். வெளிய சொல்லணும்னு கம்பெனி நினைச்சா சொல்லும்" என்றார். நான் எங்கே காதில் வாங்கினேன்! அவ்வளவு தன்மையாகப் பேசியதில் நம்ம ஆள் என்றே நினைத்துவிட்டேன். மேனேஜர் போனில் சொல்லித்தான் ஒப்புதல் போட்டேன் என்பதையும், பிறகு பயந்துபோய் ஒரு மெயிலை அழித்ததையும் கொட்டிவிட்டேன். மூன்று வாரம் கழித்து வந்த ஷோகாஸ் நோட்டீஸில் நான் சொன்னது வார்த்தை மாறாமல் இருந்தது. மேனேஜர் பெயரைத்தான் காணோம்.

பதில் 1:
நான் அந்த மேஜைக்கு எதிர்ப்பக்கம் உட்காருகிறவன். அந்த நாலு வரிக்கு அமெரிக்காவில் 'அப்ஜான் எச்சரிக்கை' என்றே பெயர். அப்ஜான் என்ற மருந்து கம்பெனி, வெளிநாட்டு அதிகாரிகளுக்குப் பணம் போன விவகாரத்தில் தன் வக்கீல் மூலம் ஊழியர்களை விசாரித்தது. அந்தப் பதில்களை வரித்துறை கேட்டது. கொடுக்க வேண்டியதில்லை என்று 1981-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தப் பாதுகாப்பு ஊழியருக்கு என்று பலர் நினைக்கிறார்கள். கம்பெனிக்குத்தான். அதுவும் வக்கீலிடம் பேசிய பேச்சுக்கு மட்டும், நடந்த சம்பவத்துக்கு இல்லை. ஐரோப்பிய யூனியனின் போட்டிச் சட்ட (கம்பெனிகள் கூட்டுச் சேர்ந்து சந்தைப் போட்டியைக் கெடுப்பதைத் தடுக்கும் சட்டம்) விசாரணையில் சம்பளத்துக்கு இருக்கும் வக்கீலிடம் பேசியதற்கு அதுவும் கிடையாது (அக்சோ நோபல் வழக்கு, 2010).

எங்கள் ஆட்களில் சிலர் இதை விமானத்தில் சீட் பெல்ட் அறிவிப்பு மாதிரி ஒப்பித்துவிட்டுப் போவார்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று: இரட்டைப் பணம் கவனக்குறைவு என்று முடிந்திருக்கும். மெயிலை அழித்தீர்களே, அது வேறு கணக்கு.

பதில் 2:
எனக்கும் இதே வசனம். "அப்ப நான் தனியா வக்கீல் வச்சுக்கணுமா?" என்று கேட்டேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, "உங்களுக்கு நான் சட்ட ஆலோசனை தரக் கூடாது. தனியா ஒருத்தரைப் பாருங்கன்னு மட்டும் சொல்லலாம்" என்றார். இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். எச்.ஆர். முகம் சுளித்தது. வக்கீல்தான் "கொடுங்க" என்றார்.