மலை முழுவதற்குமான இரட்டை முனை ஸ்கீ: வெவ்வேறு பனியில் எங்கள் அனுபவங்கள்

கனடாவின் விஸ்லரிலிருந்து ஓர் உறுப்பினர்:

முன்முனையைப் போலவே பின்முனையும் மேல்நோக்கி வளைந்த இரட்டை முனை ஸ்கீயை, மலை முழுவதற்கும் போதும் என்று நம்பி வாங்கலாமா என்று இங்கே பலர் கேட்டிருக்கிறீர்கள். எந்தப் பனியில் என்ற கேள்வியைச் சேர்த்துக்கொள்ளாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. நான் சில பருவங்களாகப் பயன்படுத்தி வருவது 184 செ.மீ. நீளமும், பூட் எனப்படும் சறுக்குக் காலணிக்குக் கீழே 98 மி.மீ. அகலமும் உள்ள ஸ்கீ. பாப்ளர் மரத்தாலான உள்ளகம், இரு முனைகளிலும் ராக்கர் (மேல்நோக்கிய வளைவு), நடுவில் கேம்பர் (பனியிலிருந்து சற்று எழும்பி நிற்கும் வில் போன்ற வளைவு) என்பது அதன் அமைப்பு. உலோகத் தகடு கிடையாது.

இதைச் சோதித்துப் பார்க்க இங்குள்ள விஸ்லர் பிளாக்கோம் சறுக்கு மலைகளை விடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. கிராமம் 675 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிளாக்கோம் பக்கத்தில் லிஃப்ட் 2,284 மீட்டர் வரை ஏற்றிச் செல்கிறது. பசிபிக் கடல் அருகில் இருப்பதால் மழை பனியாக மாறும் உயரமான உறைநிலைக் கோடு அன்றாடம் மேலும் கீழும் நகர்ந்துகொண்டே இருக்கும். உச்சியில் உலர்ந்த புதுப்பனி, இடையில் ஈரம் ஏறிய கனமான பனி, அடிவாரத்தில் மழை நனைத்த குழைபனி என்று ஒரே இறக்கத்தில் மூன்று வகைப் பனியைக் கடப்பது இங்கே வழக்கமான அனுபவம்.

இந்த வகை ஸ்கீயின் பிறப்பும் இந்த மலையோடு தொடர்புடையது. கனடிய ஸ்கீ வீரர் மைக் டக்ளஸும் அவருடைய நண்பர்களும் பிளாக்கோமின் ஹார்ஸ்ட்மன் பனியாற்றில் பயிற்சி செய்த காலத்தில், பின்னோக்கித் தரையிறங்க உதவும் ஸ்கீ வேண்டும் என்று வற்புறுத்தியதன் விளைவாகத்தான் சலோமன் நிறுவனத்தின் டென்எய்ட்டி என்ற இரட்டை முனை ஸ்கீ 1998 வாக்கில் சந்தைக்கு வந்தது. தாவலுக்கும் சுழற்சிக்கும் உருவான அந்த வடிவம், பிற்பாடு அகலம் கூட்டப்பட்டு மலை முழுவதற்கும் வந்தது. இந்த வரலாற்றை மனத்தில் வைத்துக்கொண்டால் அதன் பலமும் பலவீனமும் எளிதில் விளங்கும்.

பலம் புதுப்பனியில் தெரிகிறது. பிளாக்கோமில் ஸ்பாங்கிஸ் லேடர் என்ற இடத்தைக் கடந்து அப்பால் உள்ள வடக்கு நோக்கிய சரிவுகளில் இறங்கும்போது, முன்முனை மேலெழுந்து மிதப்பது எந்த அகலமான ஸ்கீயிலும் கிடைக்கும். ஆனால் திருப்பத்தின் முடிவில் பின்முனை பனியில் சிக்காமல் தானாக வழுக்கி விடுபடுவது இரட்டை முனையின் தனிக் குணம். மரங்களுக்கு நடுவே, கடைசி நொடியில் திசையை மாற்ற வேண்டிய இடங்களில், அந்த விடுபடல் தரும் நம்பிக்கையை நான் வேறெந்த ஸ்கீயிலும் உணர்ந்ததில்லை.

இங்கே, பூட்டை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங்கைப் பொருத்தும் இடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தாவுமேடுகளும் சறுக்குக் கம்பிகளும் உள்ள தாவல் பூங்காவுக்காக வாங்குபவர்கள் அதை ஸ்கீயின் நடுமையத்திலோ மிக அருகிலோ பொருத்துகிறார்கள். அப்படிப் பொருத்தினால் பூட்டுக்கு முன்னால் உள்ள நீளம் குறைந்து, எங்கள் கடற்கரைப் பக்கத்துக் கனமான பனியில் முன்முனை உள்ளே அமிழ்ந்துவிடும். நான் நடுமையத்திலிருந்து 5 செ.மீ. பின்னால் பொருத்தச் சொன்னேன். சுழற்சியின் எளிமை சிறிதளவு குறைந்தாலும், ஈரப்பனியில் கிடைத்த நிதானம் அதைவிடப் பெரியது. ஸ்கீயின் பெயரும் நிறமும் தேர்ந்தெடுக்க நேரம் செலவிடுகிறவர்கள், இந்தச் சில சென்டிமீட்டர்களுக்காகவும் கடைக்காரரோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பாலின் மேல் ஏடு படிவதைப் போலப் பனியின் மேல் மெல்லிய ஓடு கட்டி, மிதித்தால் உடையும் நாட்களிலும் இது என்னைக் கைவிடவில்லை. தட்டையான பின்முனை ஓட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டு முழங்காலை முறுக்கும்; வளைந்த பின்முனை ஓட்டை உடைத்துக்கொண்டு மேலே வந்துவிடுகிறது.

பலவீனம் நண்பகலுக்குப் பிறகு தெரியும். பலர் இறங்கி உழுது, மேடும் பள்ளமுமாகக் கலைந்த பனியில், எடை குறைந்த முன்முனை ஒவ்வொரு கட்டியிலும் மோதித் திசை விலகுகிறது. டைட்டானல் எனப்படும் அலுமினியக் கலவைத் தகடு பதித்த ஸ்கீ அந்தக் கட்டிகளை நேராக வெட்டிக்கொண்டு போகும். என்னுடையதில் வேகத்தைக் குறைத்து, உடலைத் தாழ்த்தி, கால்களால் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மழைக்குப் பின் இரவில் உறைந்த காலையில், 2010 ஒலிம்பிக்கில் ஆண்களின் டவுன்ஹில் எனப்படும் அதிவேக இறக்கப் போட்டி நடந்த டேவ் மரே தடத்தில் இறங்கினால், வேகம் கூடும்போது பிடிமானம் தளர்வது தெளிவாகத் தெரியும். பின்முனை வளைந்திருப்பதால் பனியைத் தொடும் விளிம்பின் நீளம் குறைவு என்பதே ஒரு காரணம். ஆகவே தட்டையான பின்முனை கொண்ட ஸ்கீயில் நீங்கள் எடுக்கும் நீளத்தைவிட ஓர் அளவு கூட்டி எடுப்பது நல்லது.

சுவிட்சர்லாந்தின் டாவோஸிலிருந்து ஓர் உறுப்பினர்:

விஸ்லர் நண்பர் எழுதியவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். கடினமான பனியைப் பற்றி மட்டும் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். எங்கள் பார்சென் சறுக்குப் பகுதியில் காலையில் லிஃப்ட் திறந்தவுடன் கிடைப்பது, இயந்திரம் சமன்செய்து இரவெல்லாம் உறைந்த இறுகிய தடம். அதில் பிடிமானம் குறைவதற்குப் பின்முனையை மட்டும் காரணம் காட்டுவது சரியாகாது என்று நினைக்கிறேன். 98 மி.மீ. அகலத்தில், கடித்துப் பிடிக்கும் விளிம்பு பூட்டின் நடுக்கோட்டிலிருந்து 49 மி.மீ. தள்ளி இருக்கிறது, 68 மி.மீ. அகலமுள்ள தட ஸ்கீயில் அது 34 மி.மீ. மட்டுமே. சாய்த்து நிறுத்துவதற்கு முழங்காலும் கணுக்காலும் அவ்வளவு கூடுதலாக உழைக்க வேண்டும். அந்த உழைப்பு மாலைக்குள் களைப்பாகச் சேர்ந்துவிடுகிறது.

அகலத்தை நாம் மாற்ற முடியாது. விளிம்பை மாற்ற முடியும். விளிம்பின் அடிப்பக்கம் 1 டிகிரி, பக்கவாட்டில் 2 டிகிரி சாய்வு என்று என் ஸ்கீயைத் தீட்டி வைத்திருக்கிறேன். பூட்டுக்குக் கீழே முழுக் கூர்மையும், இரு முனைகள் வளையத் தொடங்கும் இடத்திலிருந்து மட்டும் சற்று மழுங்கலும் இருக்கும். இப்படித் தீட்டிய நாளில் அதே ஸ்கீ அதே தடத்தில் நடந்துகொள்ளும் விதம் முற்றிலும் வேறாக இருக்கிறது.

மலையேற்றத் தோல் (வழுக்காமல் ஏற ஸ்கீயின் அடியில் ஒட்டும் பட்டை) கட்டி ஏறுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தோலின் பின்கொக்கி வளைந்த பின்முனையில் சரியாக நிற்காமல் நழுவும். அந்த வடிவத்துக்கென்றே அகலமான கொக்கி கேட்டு வாங்குங்கள். ஓய்வெடுக்கும்போது ஸ்கீயைப் பின்முனையால் பனியில் குத்தி நிறுத்தவும் முடியாது. புதுப்பனியின் இன்பத்தைப் பற்றிப் படித்துவிட்டுத் தடத்துக்கு வெளியே போக நினைப்பவர்கள், எங்கள் ஊரில் உள்ள பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் மாலை 5 மணிக்கு வெளியிடும் அறிக்கையை முதலில் படியுங்கள். ஸ்கீ எவ்வளவு நன்றாக மிதந்தாலும், அடியில் உள்ள அடுக்கு வலுவற்றிருந்தால் அது உதவாது.

டொராண்டோவிலிருந்து ஓர் உறுப்பினர்:

அண்ணன்மார் இருவரும் பெரிய மலைகளைப் பற்றி எழுதினீர்கள். எங்கள் பக்கத்தில் பெரிய குன்று என்றால் காலிங்வுட்டின் ப்ளூ மவுண்டன்; அதன் செங்குத்து இறக்கம் ஏறத்தாழ 220 மீட்டர்தான். பருவத்தின் பெரும்பகுதி பீரங்கிகள் தெளிக்கும் செயற்கைப் பனியை நம்பியே நடக்கிறது. அந்தப் பனியின் துகள்கள் உருண்டையானவை, புதிதாக விழும் இயற்கைப் பனியைவிடப் பல மடங்கு அடர்த்தியாகப் படிபவை. 98 மி.மீ. அகலத்துக்கு இங்கே தேவையே இல்லை. அதனால் நான் 86 மி.மீ. அகலமுள்ள இரட்டை முனை ஸ்கீயை எடுத்தேன். இறுகிய தடத்தில் அது போதுமான அளவு கடித்துப் பிடிக்கிறது. மார்ச் மாதத்துக் குழைபனியில், வெப்பத்துக்கு ஏற்ற வேக்ஸ் (அடியில் பூசும் மெழுகு) போட்டிருந்தால், நீர் ஒட்டி இழுக்கும் உணர்வும் குறைவாகவே இருக்கிறது.

நான் இரட்டை முனையைத் தேர்ந்தெடுத்த காரணம் வேறு. என் மகள் சறுக்கக் கற்றுக்கொள்கிறாள். அவளுக்கு முன்னால், அவள் முகத்தைப் பார்த்தபடி பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே சொல்லிக் கொடுக்க முடிகிறது. தட்டையான பின்முனை இருந்தால் பனியில் குத்தி நின்றுவிடும் என்ற அச்சத்தோடு அதைச் செய்ய வேண்டியிருந்திருக்கும். அவளுக்கும் இரட்டை முனையே வாங்கலாமா, எந்த நீளம் எடுப்பது என்று அறிய விரும்புகிறேன்.

விஸ்லர் உறுப்பினரின் பதில்:

தம்பி, தாராளமாக வாங்குங்கள். கற்கும் குழந்தைக்கு நிறுத்தினால் மோவாய்க்கும் மூக்குக்கும் இடையில் வரும் நீளம் போதும். நான் மேலே சொன்ன கூடுதல் அளவு பெரியவர்களுக்கானது. பைண்டிங்கை உற்பத்தியாளர் குறித்த கோட்டிலேயே பொருத்தட்டும். விழும்போது பூட்டை பைண்டிங் எவ்வளவு விசையில் விடுவிக்கும் என்ற விடுவிப்பு அளவை அவளுடைய எடை, உயரம், பூட்டின் நீளம் பார்த்துக் கடையில்தான் வைக்க வேண்டும். அவள் வளர வளர ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் அதை மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள். டாவோஸ் நண்பர் சொன்ன விளிம்புக் கணக்கு உங்கள் செயற்கைப் பனிக்கு எங்களைவிட அதிகம் பொருந்தும். பூங்காவில் இரும்புக் கம்பிகள் மேல் சறுக்கினால் விளிம்பில் பிசிறு எழும், அன்று மாலையே கல்லால் தேய்த்து அதை நீக்கிவிடுங்கள்.