மத்தேயு 1: பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்றது?

உப்புவெளி வாசகி: டிசம்பர் 17 திருப்பலி வாசகம், இயேசுவின் தலைமுறை அட்டவணை, வந்தாலே வீட்டுச் செபத்தில பிள்ளைகள் கொட்டாவி விடுகினம். வெறும் பெயர்கள்தானே? மூன்று தரம் பதினான்கு தலைமுறை என்கிறார் மத்தேயு, கடைசி 14ஐ எண்ணினால் 13தான் வருது.

பாலையூற்று: இரண்டாவது பதினான்கின் கடைசிப் பெயரான எக்கோனியாவைத் திரும்பச் சேர்த்தால் 14 வரும், தங்கச்சி. யோராம், உசியா என்ற அரசர்களுக்கு நடுவில மூன்று அரசர்களை மத்தேயு விட்டிட்டார். பதிவுப் புத்தகம் மாதிரி வாசித்தால் இடறும். கடவுள் தாவீதுக்குக் கொடுத்த வாக்குறுதி இயேசுவில் நிறைவேறுது என்பதுதான் அவர் சொல்ல வந்தது.

திருக்கடலூர்: பெண்களை விட்டிட்டீங்களே அண்ணை! தாமார், இராகாபு, ரூத்து, பிறகு மரியா. பத்சேபாவைப் பெயர் சொல்லாமல் ‘உரியாவின் மனைவி’ என்கிறார். அடுத்தவன் மனைவியை எடுத்த தாவீதின் பாவம் அப்படியே தெரியுது. சொல்லக் கூசுற சொந்தம் எங்கட குடும்பங்களிலயும் உண்டு, கடவுள் அந்த வழியாலயும் வாறார். ஒரே மூச்சில வாசிக்காதீங்க. மூன்று இரவாகப் பிரியுங்க: வசனம் 2–6, 6–11, 12–16. இரவுக்கு ஒரு கதை போதும். ரூத்து நூல் நாலே அதிகாரம், சின்னப் பிள்ளைகளுக்கு அதுதான் சுகம். தாமாரின் கதை, தொடக்க நூல் 38, வளர்ந்தவைக்கு. முடிவில வீட்டில இறந்தவர்களைப் பெயர் சொல்லி ஒரு ‘அருள் நிறைந்த மரியே’.

பாலையூற்று: லூக்கா 3இல வாற தலைமுறை அட்டவணையை அதே இரவில கலக்க வேண்டாம். அது இயேசுவில் தொடங்கி ஆதாம் வரை பின்னோக்கிப் போகுது, யோசேப்பின் தகப்பன் பெயரும் வேறு. பிள்ளைகள் அதைத்தான் முதல்ல கேட்பினம்.