வில் வேட்டையில் ஆரஞ்சு வெஸ்ட் வேண்டுமா, வேண்டாமா?

நாணேற்றி:
அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போனால், மற்ற வேட்டைக்காரர் கண்ணில் பட, இடுப்புக்கு மேலே 500 சதுர அங்குலம் ஒளிர் ஆரஞ்சு அல்லது பிங்க் தெரிய வேண்டும், தலையிலும் அதே நிறம். வில் சீசனில் வில்லாளியிடம் அதைக் கேட்பதில்லை. அம்பு விட மான் 20, 25 மீட்டருக்குள் வந்தாக வேண்டும். அவ்வளவு கிட்டத்தில் பளபளவென்று உட்கார்ந்திருப்பது வேட்டையா? சட்டமே கேட்காததை ஏன் தலையில் கட்டுகிறீர்கள்?

பரண்மேல்:
அதே கொலராடோவில் வில் சீசனுக்கு நடுவிலேயே, செப்டம்பரில், மஸில்லோடர் (குழல் வாய் வழியே மருந்தும் குண்டும் திணிக்கும் துப்பாக்கி) சீசனும் வருகிறது. காட்டுக்கோழி சுடுபவர்களும் அப்போதுதான் திரிகிறார்கள். உங்கள் கையில் வில் இருப்பதால் அவர்கள் குண்டு விலகிப் போகாது.

மானுக்கு நிறம் காட்டும் கூம்பு செல் இரண்டு வகைதான்: நீலப் பக்கம் ஒன்று, பச்சைப் பக்கம் ஒன்று. ஒளிர் ஆரஞ்சு 600 நானோமீட்டரை ஒட்டி வருகிறது. நமக்குக் கண்ணைக் குத்தும் அந்த நிறம் அதற்கு மங்கலாகத்தான் தெரியும். உங்களைக் காட்டிக்கொடுப்பது அசைவும் வாடையும், வானத்தின் எதிரே தெரியும் உருவமும்தான். வான்கோழிக்கு இது பொருந்தாது, அதன் கண் நிறங்களை நம்மைவிட நன்றாகவே பிரிக்கும்.

நாணேற்றி:
பாடப்புத்தக மான்! நிறம் தெரியாவிட்டாலும் கோடும் திட்டும் இல்லாத ஒரே பரப்பு கட்டைபோல நிற்கும். கேமோ வடிவம் (காட்டோடு கலக்கும் திட்டுகள்) போட்ட ஆரஞ்சையாவது ஒப்புக்கொள்ளலாமே. சில வெஸ்ட்கள் மானுக்கு நீலமாக ஒளிர்கின்றன என்பதும் பொய்யா?

துணிநூல்:
பொய்யில்லை, ஆனால் குற்றம் ஆரஞ்சுச் சாயத்தின் மேல் இல்லை. சலவைத் தூளில் வெண்மையைக் கூட்டிக்காட்டும் பொருள் ஒன்று சேர்க்கிறார்கள். அது புறஊதாவை வாங்கி நீலமாகத் திருப்பி விடுகிறது. மான் கண் கூர்மையாக இருப்பதே அந்த நீலத்தில்தான். இருட்டறையில் புறஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். துணி ஆரஞ்சாக ஒளிர்ந்தால் சரி. தையல் நூலிலோ லேபிளிலோ நீலவெள்ளை தெரிந்தால் லேபிளை வெட்டிவிட்டு, அந்தப் பொருள் கலக்காத தூளில் துவையுங்கள். ப்ளீச் பக்கமே போகாதீர்கள்.

வெளுத்த வெஸ்ட்தான் நிஜமான தொல்லை. சாயத்தை வெயில் தின்றுவிடும். பாக்கெட்டின் உள்பக்கத்தையும் தோள்பட்டையையும் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள், வித்தியாசம் தெரிந்தால் மாற்றிவிடுங்கள். விடியலிலும் அந்தியிலும் சாதாரண ஆரஞ்சு மங்கிவிடும். நீல ஒளியையும் ஆரஞ்சாக மாற்றித் தருவதால் ஒளிர்சாயம் அப்போதுதான் உதவுகிறது. முழு இருட்டில் அதுவும் வெறும் துணி. அங்கே டார்ச்தான்.

பரண்மேல்:
கேமோ ஆரஞ்சு கொலராடோ கணக்கில் சேராது. நியாயம்தான். இலைகளுக்கு இடையில் துண்டு துண்டாகத் தெரியும் நிறம் மனித உருவமாகக் கூடி வராது.

நாணேற்றி:
பரப்பளவுக்கே வருகிறேன். இன்னொரு மாநிலமான பென்சில்வேனியாவில் துப்பாக்கி மான் சீசனில் தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம். ஏ4 தாள் மூன்றுகூட இல்லை! ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு தாள் அளவு தெரிந்தாலே பெரிது. முதுகுப்பை மாட்டினால் பின்பக்கம் அவுட். இதை நம்பியா நடக்கிறீர்கள்? போதாததற்கு ஆண்களில் ஏறக்குறைய 8 சதவீதம் பேருக்குச் சிவப்பு-பச்சை குழப்பம் உண்டு.

துணிநூல்:
அது போடாமலிருக்கக் காரணமா, கூடுதலாகப் போடக் காரணமா? பைக்கு ஆரஞ்சு உறை போடுங்கள். தொப்பியை விடவே கூடாது, புதருக்கு மேலே முதலில் தெரிவது அதுதான். மானை இழுத்து வரும்போது கொம்பிலும் ஒரு துணி கட்டுங்கள். மரப் பரணிலிருந்து விழாமல் உடம்பில் மாட்டும் பட்டையான ஹார்னஸுக்கு மேல் வெஸ்ட் போட்டால் பிடரியில் கயிறு வெளிவரப் பிளவு இருக்கட்டும். நிறக்குழப்பம் உள்ளவருக்கும் அந்தப் பளிச்சு ஓரளவு தெரியும். மற்றபடி, துப்பாக்கியின் ஸ்கோப் வழியாக ஆளைத் தேடக் கூடாது, பைனாகுலர் எதற்கு இருக்கிறது?

பரண்மேல்:
பரணில் உட்கார்ந்ததும் வெஸ்டைக் கழற்றி, தலைக்கு மேலே அடிமரத்தைச் சுற்றிக் கட்டலாம். நாலு பக்கமும் தெரியும், உங்கள் கேமோவும் கெடாது. இது வில் சீசனுக்கு மட்டும். துப்பாக்கி சீசனில் உடம்பில் இருந்தே ஆக வேண்டும்.

நாணேற்றி:
அதைக் கட்டிவைத்து மறந்து போகிறவர்கள்தான் அதிகம். ஆளில்லாத மரத்தில் ஆரஞ்சு பார்த்துப் பழகியவன் அடுத்த முறை எதை மதிப்பான்?

பரண்மேல்:
மறக்க வழியே இல்லை. இறங்குவதற்கு முன், ஹார்னஸ் கயிறு மாட்டியிருக்கும்போதே அவிழ்த்துப் போட்டுக்கொள்ள வேண்டும். அரையிருட்டில் புதருக்குள் நடந்து திரும்புகிறீர்களே, அது அப்போதுதான் தேவை.